கருவி வராத ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காலைப் பேருந்தில் மலைக்கோடியிலிருந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் போளூர்ப் பெரியோர்களே,

மருத்துவ விஞ்ஞானத்தின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளையினர் எனக்கு எழுதியிருந்தார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் சென்னையிலும் வேலூரிலும் நிறைய இருக்கிறார்கள். ஆகவே அந்தத் தலைப்பை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டு, நாற்பத்தாறாம் வயதில், அதாவது இருபது வருஷங்கள் வைத்தியம் பார்த்து, ஊரில் நாலு பேர் கைராசிக்காரர் என்று சொல்லத் தொடங்கி, அந்தப் பேச்சை நானும் ஓரளவு நம்பத் தொடங்கியிருந்த காலத்தில், மறுபடியும் ஒரு மாணாக்கனாகப் போய் உட்கார்ந்து, எல்லோரும் ஸ்கேன் என்று சொல்லும் மீயொலிப் பரிசோதனையைக் கற்றுக்கொண்ட விஷயத்தைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

போளூர் என்றவுடன் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூரை நினைப்பவர்கள் இங்கே இருக்கக்கூடும். நான் சொல்வது பழனிமலையின் மேல்மலையில் உள்ள போளூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே போய்க்கொண்டே இருந்து, இந்தச் சாலை இன்னும் எத்தனை வளைவுகளை மிச்சம் வைத்திருக்கிறதோ என்று அலுத்துப்போகும் நேரத்தில், படிப்படியாக வெட்டிய சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைந்து நிற்க, எதிரே வந்து நிற்கும் ஊர் அது. என் மருந்தகம் கொடைக்கானல் டவுனில் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் போளூருக்குப் போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறேன். ஸ்கேன் கருவி கொடைக்கானலில் இருக்கிறது. அது போளூருக்கு வந்ததில்லை, வரவும் முடியாது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கருவி வராத ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கருவியைக் கற்ற கல்வியால் என்ன பிரயோஜனம் என்பதுதான் இன்று என் பேச்சு.

அந்தத் திண்ணைக்கு எதிர்த்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். உருளைக்கிழங்குச் செடியின் தழை மஞ்சளித்துச் சாய்வதையும் பாத்தியின் மண் மயிரிழைபோல் வெடித்திருப்பதையும் பார்த்தே, மண்வெட்டியைத் தொடாமல், கிழங்கு கோழிமுட்டை அளவா, அதற்கு மேலா என்று சொல்லிவிடுவார். வைத்தியனுடைய தொழிலும் அதுவே. தோண்டாமல் அறிய வேண்டும். கண்ணால் காண்பது பிரத்தியட்சம், அடையாளத்தைக் கொண்டு அறிவது அனுமானம் என்று நம் தர்க்க சாஸ்திரிகள் பிரித்துச் சொன்னார்கள். ஸ்கேன் வந்தபிறகு வைத்தியம் அனுமானத்தை விட்டுப் பிரத்தியட்சத்துக்கு வந்துவிட்டது என்று நோயாளிகள் நம்புகிறார்கள். "உள்ளே என்ன இருக்குன்னு அப்படியே தெரியுமாமே" என்று கேட்கிறார்கள். கற்றுக்கொள்ளப் போகும்வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். திரையில் தெரிவதும் அனுமானந்தான் என்பது போன முதல் வாரத்திலேயே விளங்கியது.

தோண்டாமல் அறியும் அந்த வழியில், சரீரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளிருப்பதை அறியும் வித்தையை 1761-இல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டவர் வியன்னாவில் இருந்த லியோபோல்ட் ஆவன்புருக்கர். விடுதி நடத்தியவரின் மகனாகிய அவர், மதுப்பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று கண்டுபிடிப்பதைச் சிறுவயதில் பார்த்திருந்தவர் என்று சொல்வார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் இருக்க நியாயமில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமலும் மண்பானையைச் சுண்டிப் பார்க்காமலும் விலை பேசுகிற வழக்கம் நம்மிடம் என்றைக்கு இருந்தது? அவருடைய நூலை அக்காலத்து வைத்தியர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் வைத்தியராக இருந்த கோர்விசார் 1808-இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. எட்டே ஆண்டுகளில், 1816-இல், கோர்விசாரிடம் பயின்ற லெனெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்க, ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. தட்டுவதும் கேட்பதும் ஆகிய இந்த இரண்டையும் ஒரே கையடக்கக் கட்டையில் சேர்த்துவிட்டால் ஸ்கேன். அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

அந்தச் சேர்க்கையைச் செய்தவர்களில் ஒருவர் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவயதில் கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு அவருடைய சரித்திரம் பெரிய ஆறுதல். 1910-இல் பிறந்த அவர், யுத்த காலத்தில் விமானப்படையில் இருந்தபோது ரேடாரைப் பற்றி அறிந்தவர். கொதிகலன்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பின் உட்புறத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி இருப்பதைக் கேள்விப்பட்டு, 1955-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அறுத்தெடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்களாம். கெட்டியான கட்டி ஒருவிதமாகவும், நீர் நிறைந்த கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. மூன்று வருஷம் கழித்து, 1958 ஜூன் மாதத்து 'லான்செட்' பத்திரிகையில், ஜான் மக்விக்கார் என்னும் மருத்துவரோடும் டாம் பிரவுன் என்னும் பொறியாளரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வயிற்றில் புற்றுநோய் முற்றி, நீர் கோத்து மகோதரம் கண்டுவிட்டது, இனிச் செய்வதற்கில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட ஒரு பெண்மணியின் வயிற்றில், இருப்பது மகோதரம் அல்ல, ஒரே பெரிய சினைப்பைக் கட்டி என்று அந்தக் கருவி காட்ட, கட்டியை அறுத்தெடுத்தார்கள், அவர் பிழைத்தார். ஸ்வீடனில் 1953-இலேயே எட்லர் என்னும் இருதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக சாஸ்திரியும் கப்பல் கட்டும் துறையிலிருந்து இத்தகைய கருவியை இரவல் வாங்கி இருதயத்தைப் பார்த்தார்கள். இரும்பையும் கப்பலையும் சோதிக்கப் பிறந்த உபகரணம் மனித சரீரத்துக்கு வந்த வழி இது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த ஒருவன் நம் தேசத்தில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்ய வேண்டுமானால், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆறு மாதத்தில் 300 மணி நேரப் பயிற்சி பெற்று, செய்ததையெல்லாம் குறிப்பேட்டில் பதிந்து, கடைசியில் பரீட்சையும் எழுதித் தேற வேண்டும். இந்த விதிகளில் சில பகுதிகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் ரத்து செய்ததும், அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் 2018-இல் நிறுத்தி வைத்ததும் வக்கீல்களுக்குரிய விஷயங்கள். நான் அதற்குள் போகவில்லை. சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் கிடைத்தது. ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல்நாள் என்னை "சார்" என்றே அழைத்தார். மூன்றாம் நாள் நடந்ததைக் கேளுங்கள். ஒரு அம்மாளின் அடிவயிற்றில் கருமையாக, வட்டமாக, ஒழுங்கான விளிம்போடு பெரியதொரு நீர்க்கட்டியைக் கண்டுபிடித்து, அதன் நீள அகலங்களையும் அளந்து, டொனால்டின் வாரிசு போன்ற பெருமிதத்தோடு நான் நிமிர்ந்தபோது, ஆசிரியை மிகவும் பணிவாக, "சார், அம்மாவை ஒருதரம் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லலாமா?" என்றார். அந்த அம்மாள் போய்விட்டு வந்தார். கட்டியைக் காணவில்லை. நான் அளந்தது நிறைந்திருந்த மூத்திரப்பை.

இருபது வருஷ அனுபவம் எனக்கு அங்கே இடையூறாக இருந்ததைப்போல் வேறெதுவும் இருக்கவில்லை. என்னோடு பயின்ற இளம் மருத்துவர்கள் திரையில் இருப்பதைப் பார்த்தார்கள். நான் இருக்க வேண்டுமென்று ஏற்கெனவே முடிவு செய்ததைப் பார்த்தேன். போதாக்குறைக்கு, என் கை ஒன்றைச் செய்யக் கண் வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. புரோப் என்னும் அந்தக் கையடக்கக் கட்டையைப் பிடித்த கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே, ஒரு நெல்லளவு சாய்த்து, ஒரு நெல்லளவு திருப்பி, விலா எலும்புகளின் இடைவெளியில் வழி கண்டுபிடிக்க வேண்டும். தையல்காரரின் காலும் கையும்போல் அது தானாக நடக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

கருவியின் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதன் காது கேட்கும் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வு. வயிற்றைப் பார்க்கும் புரோப் விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுள்ள ஒலியை அனுப்புகிறது. அதிர்வு கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. குறைந்தால் ஆழம் போகும், துல்லியம் போய்விடும். இரண்டையும் ஒருசேர யாராலும் பெற முடியாது. மிருதுவான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும் என்று கருவி எண்ணிக்கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப ஒரு விநாடியின் பத்து லட்சம் கூறில் 13 கூறு ஆகும். வட்டக்கானல் பக்கம் பாறைக்கு எதிரே நின்று கூவுகிற உல்லாசப் பிரயாணிகள் செய்வதும் இதே காரியந்தான். ஒரு வித்தியாசம், அவர்கள் ஓயாமல் கூவுகிறார்கள். கருவி நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே ஒலி எழுப்பி, மீதி நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளியிடம் பேசும்போது நாம் இந்த விகிதத்தை எவ்வளவு தூரம் அனுசரிக்கிறோம் என்பதை என் சகோதர வைத்தியர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும்.

காற்று இந்த ஒலிக்கு ஜன்ம விரோதி. தோலுக்கும் புரோப்புக்கும் இடையே இழைக்காற்றுகூட இருக்கக் கூடாதென்றுதான் அந்தக் குளிர்ந்த ஜெல்லியைத் தடவுகிறோம். காற்று நிறைந்த நுரையீரலை ஸ்கேன் செய்ய முடியாதென்று நான் படித்த காலத்துப் புத்தகங்கள் சொல்லின. டேனியல் லிக்டென்ஸ்டைன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நுரையீரலின் படம் விழாவிட்டால் போகட்டும், அங்கே விழும் பொய்க்கோடுகளே ஒரு பாஷைதானே என்று பல வருஷம் அவற்றைப் படித்து, மூச்சுத்திணறலின் காரணத்தைப் பிரித்தறியும் முறையொன்றை 2008-இல் வெளியிட்டார். வறண்ட நுரையீரலில் குறுக்குக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழாக வால்நட்சத்திரம்போல் கோடுகள் இறங்கும். மேல்மலையின் மார்கழிக் குளிரில், கதவடைத்த வீட்டுக்குள் விறகடுப்பின் புகையைக் குடித்து இளைக்கும் பாட்டிக்கு வேண்டிய மருந்தும், இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்து இளைக்கும் பாட்டிக்கு வேண்டிய மருந்தும் வேறு வேறு. இளைப்பு மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒரு பாடத்துக்காகவே நான் மலையிறங்கிப் போனது தகும்.

இவ்விடத்தில் கொடைக்கானலுக்குரிய ஒரு பெருமையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இரத்த ஓட்டத்தைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டும் டாப்ளர் முறையைக் கற்கும்போது எல்லோரும் திண்டாடுவது ஒரு விஷயத்தில்: புரோப்பை இரத்தக்குழாய்க்குச் செங்குத்தாகப் பிடித்தால், உள்ளே இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தாலும் ஒன்றுமே தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் ஓட்டம் புலப்படும். இது எனக்கு ஏறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பியிருந்தபோது, 1899-இல் ஏற்பட்ட நமது சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயுக்கள் கிடையாக வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை, நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்வதைக் கொண்டு கண்டறிந்தார். அதுவும் டாப்ளர் தத்துவமே. கரும்புள்ளி சூரிய வட்டத்தின் நடுவே இருக்கும்போது அந்தப் பாய்ச்சல் நம் பார்வைக்குக் குறுக்காக இருப்பதால் தெரியாது. புள்ளி விளிம்பை நோக்கி நகரும்போதே தெரியும். சமவெளியில் இரண்டு வாரம் புரியாமல் இருந்தது, நான் தினந்தோறும் கடந்துபோகும் கட்டடத்தின் நூறு வருஷத்துக் கதையில் ஒரு நிமிஷத்தில் புரிந்தது. மறுநாள் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் அன்றைக்குப் பிறகு அந்தப் பாடத்தைச் சூரியனைக்கொண்டே நடத்துகிறாராம்.

பயிற்சி முடிந்து, கருவியும் வாங்கி, பதிவும் பெற்ற பிறகு, முதல் வியாழக்கிழமையே அதைப் போளூருக்கு எடுத்துப் போகலாமென்று ஆசைப்பட்டேன். மடிக்கணினி அளவே உள்ள கருவி அது. ஜீப்பின் பின்சீட்டில் குழந்தையைப்போல் உட்கார வைத்துவிடலாம். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. கருவின் பாலினத்தை அறிந்து தேர்வதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் அமலுக்கு வந்து, 2003-இல் திருத்தப்பட்ட பி.சி.பி.என்.டி.டி. சட்டமும், அதன்கீழ் 2012-இல் சேர்ந்த விதியும், எடுத்துச் செல்லத்தக்க ஸ்கேன் கருவியைப் பதிவு பெற்ற கட்டடத்துக்குள் தங்கியுள்ள நோயாளிகளுக்கோ, பலவித வைத்திய சேவைகளையும் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவ வண்டியிலோ அன்றி வேறெங்கும் பயன்படுத்தக் கூடாதென்கின்றன. என் ஜீப் நடமாடும் மருத்துவ வண்டி ஆகாது.

இதைச் சொல்லி வருத்தப்படும் வைத்தியர்களை நான் அறிவேன். நானும் ஒரு மாலை முழுவதும் வருத்தப்பட்டேன். ஆயினும் இந்த விலங்கை நம் கையில் பூட்டியது யார்? இந்த மலையின் அடிவாரத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லாத உசிலம்பட்டியின் பெயர் 1980-களில் எதற்காகத் தேசமெங்கும் அடிபட்டது என்பதையும், சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகத் தொடங்கியது என்பதையும் இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறந்த பெண்சிசுவைக் கொல்லப் பயன்பட்ட கள்ளிப்பாலின் வேலையை, பிறக்கும் முன்பே, சத்தமில்லாமல் செய்து முடிக்க ஸ்கேன் கருவி பயன்பட்டது; புரோப்பைப் பிடித்திருந்தது மருத்துவர்களின் கை. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943. எனவே ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தச் சட்டம் கேட்கும் படிவம் எஃப் எழுதுவதைப்பற்றி முணுமுணுப்பவர்களோடு நான் சேர்வதில்லை. போளூருக்கு நடமாடும் வண்டி மாதமொருமுறையாவது ஸ்கேனோடு வர வேண்டும் என்று கேட்பதே முறை. சட்டத்தைத் தளர்த்தக் கேட்பது முறையல்ல.

ஆக, போளூர்த் திண்ணையில் எனக்கு இன்றும் ஸ்டெதாஸ்கோப்பும் பத்து விரல்களும்தான். ஆனால் அவை பழைய விரல்கள் அல்ல. முன்பெல்லாம் கல்லீரலின் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்து இரண்டு விரற்கடை வீங்கியிருக்கிறது என்று எழுதினால், அது சரியா தப்பா என்று சொல்வார் இல்லை. கருவி கிடைத்த பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் மூன்று பத்தி. முதற்பத்தியில் என் கை சொன்னதை, ஸ்கேன் செய்வதற்கு முன்பே, மையால் எழுதிவிட வேண்டும். இரண்டாவதில் ஸ்கேன் சொன்னது. மூன்றாவதில், அறுவை செய்த சர்ஜன் கண்டதோ காலம் காட்டியதோ. முதல் நூறு பேரின் கணக்கைப் பார்த்தபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மண்ணீரல் விஷயத்தில் என் கை பெரும்பாலும் பொய் சொல்லியிருந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள நீர் விஷயத்தில், ஆவன்புருக்கரின் புண்ணியத்தால், நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. விரலால் தட்டி நீர்மட்டத்தை மதிப்பிட்டு, உடனே ஸ்கேனில் அதைப் பார்த்து, மறுபடி தட்டி, இப்படி நாற்பது ஐம்பது பேரிடம் செய்தபோது விரலுக்கே ஒரு திருத்தம் ஏற்பட்டது. சங்கீதம் பயிலும் பிள்ளை சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பாடிப் பழகியபின், பெட்டி இல்லாத இடத்திலும் சுருதி விலகாமல் பாடுவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். விலகும்போது விலகுவதாவது தெரியும்.

அந்த அறிவு ஒருவர் உயிரைக் காத்தது. கேரட் தோட்டத்தில் காட்டுமாடு தள்ளிவிட்ட ஒருவரை ஒரு வியாழன் மாலை கொண்டுவந்தார்கள். கொம்பு குத்தவில்லை, இடது விலாவின்மேல் ஒரு சிராய்ப்பு. வயிறு மிருதுவாக இருந்தது. நாடி மட்டும் சற்று விரைவு. "ஒண்ணுமில்லீங்கய்யா, மாடு சும்மா இடிச்சுட்டுப் போயிருச்சு" என்று எழுந்து நின்றே பேசினார். பழைய நாளாக இருந்தால், ஊசி போட்டு, காலையில் பார்ப்போம் என்று அனுப்பியிருப்பேன். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து சேரும்போது தொட்டுப் பார்க்கும் கைக்கு வெகுநேரம் ஒன்றும் தெரிவதில்லை என்பதை, என் நோட்டின் முதற்பத்தியும் இரண்டாம் பத்தியும் முரண்பட்ட பக்கங்கள் எனக்குச் சொல்லியிருந்தன. மிருதுவான வயிற்றை நம்பாமல் அவரை ஜீப்பில் ஏற்றினேன். கொடைக்கானல் சேர இரவு ஒன்பதாகிவிட்டது. மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையில், பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது கோடு பட்டையாகியிருந்தது. அன்றிரவே கீழே அனுப்பினோம். மண்ணீரல் கிழிந்திருந்ததாகச் சர்ஜன் மறுநாள் சொன்னதை மூன்றாம் பத்தியில் எழுதினேன். மாடு இடித்த அந்த மனிதர் இப்போது பின்வரிசையில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டாம்.

கருவியைக் கற்க விரும்பி என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் இந்த நோட்டைச் சிபாரிசு செய்கிறேன். வயிறு முழுவதையும் பார்க்கிறேன் என்று புரோப்பை அலைய விடாமல், இந்த இடத்தில் நீர் இருக்கிறதா இல்லையா, இந்தக் காலின் சிரை இரத்தக்குழாய் அழுத்தினால் மடங்குகிறதா இல்லையா என்று ஆம், இல்லை என்னும் விடைக்குரிய ஒரு கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு பிறகு ஜெல்லியைத் தொடச் சொல்கிறேன். அதற்கு மேற்பட்டதை ரேடியாலஜி படித்தவர்களிடம் அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

என் நோட்டில் ஒரு வரி பூர்த்தியாகாமல் இருக்கிறது. போளூரில் ஓர் அம்மாள். பெயர் சொல்வது தர்மமில்லை, அவருக்குத் தெரியும். படுக்க வைத்துத் தட்டியபோது விலாப்பக்கம் மந்தமாகவும், புரண்டு படுக்கச் சொல்லித் தட்டியபோது அதே இடம் கணீரென்றும் ஒலித்தது. மகோதரம் என்று முதற்பத்தியில் எழுதியிருக்கிறேன். கொடைக்கானலுக்கு வாருங்கள், ஸ்கேன் பார்த்துவிடலாம் என்றதற்கு, "பூண்டு எடுத்துட்டு வர்றேன் டாக்டரய்யா" என்றார். பூண்டு எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கடைசி வரிசையில் இருப்பவர்கள் ஊருக்குத் திரும்பியதும், நான் விசாரித்ததாக அவரிடம் சொல்ல வேண்டும். வருகிற வியாழக்கிழமை திரும்பும்போது ஜீப்பில் முன்சீட்டைக் காலியாக வைத்திருப்பேன்.